அமிர்தம் கழஞ்சு ஆறு

ஜூலை 6, மாலை 7.20 (வந்த கேள்வி)

"எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். தாத்தா நாட்டு வைத்தியர், காலமாகி ரொம்ப வருஷம் ஆகிறது. பரணில் அவர் நோட்டு ஒன்று கிடைத்தது. சுரத்துக்கு ஒரு கஷாயம் எழுதியிருக்கிறார்: 'அமிர்தம் கழஞ்சு 6, கடுக்காய்த்தோல் கழஞ்சு 4, சுக்கு கழஞ்சு 2, எட்டொன்றாய்க் குறுக்கி இருவேளை.' அமிர்தம் என்றால் என்ன சரக்கு? அகராதியைப் புரட்டினால் பால், நெய், தண்ணீர், சோறு என்று போகிறது. பால் என்று வைத்துக்கொண்டு காய்ச்சிப் பார்க்கலாமா?"

ஜூலை 6, இரவு 8.05

காய்ச்ச வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

பால் இல்லை. பாலைக் கழஞ்சில் நிறுக்கிற வைத்தியர் கிடையாது. ஆழாக்கு, உழக்கு, படி என்றுதான் எழுதுவார். நெய்யும் அப்படித்தான். தண்ணீரும் இல்லை, எட்டொன்றாய்க் குறுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சு என்றதிலேயே தண்ணீர் வந்துவிட்டது. கழஞ்சு என்றால் தராசில் வைத்த சரக்கு. ஒரு கழஞ்சு ஏறக்குறைய 5 கிராம், ஆறு கழஞ்சு 30 கிராம்.

நெல்லி வற்றல் என்பது என் பதில். அமரசிம்மன் செய்த வடமொழி நிகண்டான அமரகோசம் நெல்லிக்கு 'அம்ருதா' என்று ஒரு பெயர் சொல்கிறது. கடுக்காய்க்குப் பக்கத்தில் நெல்லி உட்காருவது திரிபலையில் எல்லாரும் பார்த்ததுதான்.

ஜூலை 6, இரவு 10.40

நெல்லி என்றதும் மனசு வேறு எங்கேயோ போய்விட்டது. புறநானூறு 91. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றி ஔவையார் பாடியது. "சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது, ஆதல் நின்னகத் தடக்கிச் சாதல் நீங்க எமக்கீத் தனையே."

முப்பது வருஷம் இதைப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். 'சாதல் நீங்க' என்ற இரண்டு சொல்லில் இன்றைக்குத்தான் கண் நின்றது. வடமொழியில் 'அம்ருதம்' என்பதைப் பிரித்தால் அ + ம்ருதம். ம்ருதம் என்றால் செத்தது. முன்னால் ஒரு 'அ' போட்டு அதை நீக்கியாயிற்று. ஔவை தமிழில் சொன்னதும் அதே இரண்டு துண்டுகள்தான், சாதலும் நீக்கமும். ஒன்றைப் பார்த்து மற்றது வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சின்னப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மொழிக்காரர்களும் ஒரே நினைப்பு நினைத்திருக்கிறார்கள். அதியமானின் தகடூர் இன்றைய தர்மபுரி. திருப்பத்தூரைத் தாண்டினால் அந்தச் சீமைதான்.

ஜூலை 7, காலை 5.50

மேலே சொன்னதை மாற்றுகிறேன். நெல்லி இல்லை. சீந்தில் கொடி.

ராத்திரி தூக்கம் வரவில்லை. 6, 4, 2 என்ற கணக்கை எங்கேயோ பார்த்த ஞாபகம் குடைந்துகொண்டே இருந்தது. விடியற்காலை எழுந்து பழைய குறிப்புகளைப் பார்த்தேன். கேரள வைத்தியர்கள் சுரத்துக்குக் கொடுக்கிற 'அம்ருதோத்தரம்' கஷாயம். சீந்தில் 6 பங்கு, கடுக்காய் 4 பங்கு, சுக்கு 2 பங்கு. உத்தரம் என்றால் மேலானது, மிகுந்தது. அம்ருதா மிகுந்து நிற்பதால் அந்தப் பெயர். உங்கள் தாத்தா நோட்டில் இருப்பது அச்சு அசல் அதுதான்.

நேற்று திரிபலையைச் சொல்லித் தீர்ப்பு எழுதியது அவசரம். திரிபலை என்றால் தான்றிக்காயும் இருக்கவேண்டும். இல்லாத தான்றியைப் பார்க்காமல் இருக்கிற கடுக்காயை மட்டும் பார்த்தேன்.

ஜூலை 7, காலை 9.30

'அமரகோசத்தில் நெல்லி என்று இருக்கிறதே, அது பொய்யா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொய் இல்லை. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

அமரகோசத்தில் மருந்துச் செடிகளைச் சொல்லும் பகுதியான வனௌஷதி வர்க்கத்தில் சீந்திலுக்குப் பெயர் சொல்லும் வரி: "வத்ஸாதநீ சின்னருஹா குடூசீ தந்த்ரிகாம்ருதா." கடைசியில் அம்ருதா. கடுக்காய்க்கு: அபயா, அவ்யதா, பத்யா, காயஸ்தா, பூதநா, அம்ருதா. மறுபடியும் அம்ருதா. நெல்லிக்கு: அம்ருதா, வயஸ்தா. ஒரே நூல், ஒரே வர்க்கம், மூன்று மருந்துக்கு ஒரே பெயர். மூன்றும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கிறவை.

அப்படியானால் பழைய வைத்தியர் எப்படிப் பிரித்தார்? பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் வயதை நிறுத்தும் மருந்துகள் என்று பத்துப் பெயர் வருகிறது. தொடக்கமே "அம்ருதா, அபயா, தாத்ரீ". அபயா கடுக்காய். தாத்ரீ நெல்லி. அம்ருதா என்ற பெயருக்கு உரிமை உள்ள இரண்டு பேர் வேறு பெயரில் பக்கத்திலேயே நிற்கிறார்கள். மிச்சம் சீந்தில் ஒன்றுதான். அகராதி முடிக்காததைப் பக்கத்தில் நிற்பவர்கள் முடித்துவிடுகிறார்கள்.

நோட்டிலும் அதே கதைதான். கடுக்காய்த்தோல் தன் பெயரிலேயே வந்துவிட்டது. அதனால் அமிர்தம் கடுக்காய் இல்லை. சுக்கும் 6-4-2 கணக்கும் சேர்ந்து நெல்லியைத் தள்ளிவிடுகின்றன. முந்தைய பதிவை அழிக்காமல் விடுகிறேன், தப்பு எங்கே நடந்தது என்று தெரியட்டும்.

ஜூலை 7, மதியம் 2.15

இலக்கணம் தெரிந்த ஒரு நண்பர் ஒன்று கேட்டார், நல்ல கேள்வி. வடமொழியில் செடிக்கு 'அம்ருதா', பெண்பால், நெடில் ஈறு. தேவர் உண்டதும் தண்ணீரும் 'அம்ருதம்', அலிப்பால். தமிழுக்கு வரும்போது ஆகாரம் ஐகாரம் ஆகும். சீதா சீதை, மாலா மாலை. அப்படிப் பார்த்தால் சீந்தில் 'அமிர்தை' என்றல்லவா வரவேண்டும்? தாத்தா 'அமிர்தம்' என்று எழுதியிருக்கிறாரே?

இது சரியான விதி. நானே பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்ன விதி. ஆனால் கைநோட்டு நன்னூலைக் கேட்டு எழுதப்படுவதில்லை. காதில் விழுந்தபடி, குரு சொன்னபடி எழுதுகிறார்கள். ஈற்றெழுத்தை மட்டும் நம்பி மருந்து முடிவு செய்யக் கூடாது. ஈறு ஒரு சாட்சி, அவ்வளவே. கழஞ்சுக் கணக்கு அதைவிடப் பலமான சாட்சி.

ஜூலை 8, இரவு 9.00

சீந்திலை நேரில் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் போலிருக்கிறது. என் கண்ணில் இருப்பதை எழுதுகிறேன்.

என் அத்தை வாக்கப்பட்டது ஒடுகத்தூர் பக்கம். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரம், அதில் சீந்தில் ஏறியிருக்கும். வேம்பேறிய சீந்திலுக்குத்தான் வீரியம் என்பார்கள். இலை வெற்றிலை மாதிரி, இதய வடிவம். தண்டு கட்டைவிரல் கனம். மேலே மெல்லிசான காகிதம் போல ஒரு தோல், நகத்தால் கீறினால் உரிந்து வரும். உள்ளே பச்சை. குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் அப்படியே தெரியும். பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் இதற்குச் சொல்கிற பெயர்களில் ஒன்று 'சக்ரலக்ஷணிகா', சக்கர அடையாளம் உள்ளவள். அந்தப் பெயரை வைத்தவர் கையில் கத்தியும் வெட்டின தண்டும் இருந்திருக்கிறது. 'குண்டலி' என்றும் பெயர், சுருண்டு ஏறுவதால். 'வத்ஸாதநீ' என்றால் கன்றுக்குட்டி தின்பது.

எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும். அத்தை கஷாயத்துக்காக ஒரு முழம் தண்டு வெட்டி வந்தாள். பாதி போட்டாள், மீதியைத் திண்ணைச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டாள். நான் கஷாயத்தை முகம் சுளித்துக் குடித்ததும், அந்தக் கசப்பு நாக்கின் அடியில் சாயங்காலம் வரை ஒட்டிக்கொண்டு நின்றதும் இருக்கட்டும். அடுத்த லீவுக்குப் போனபோது அந்தத் தண்டு அதே ஆணியில் தொங்குகிறது. மண் இல்லை, தண்ணீர் ஊற்றவில்லை. கணுவில் பட்டாணி அளவு பச்சை மொட்டு வந்திருக்கிறது. "இது சாவாதுடி" என்றாள் அத்தை. "அறுத்துப் போட்டாலும் எங்கனா ஒட்டிக்கினு பொழைச்சிக்கும்."

அமரகோசத்து வரியில் 'சின்னருஹா' என்று இருக்கிறது பாருங்கள். சின்ன என்றால் வெட்டுண்டது, நாம் சின்னாபின்னம் என்கிறோமே, அந்தச் சின்னம். ருஹா என்றால் முளைப்பவள். வெட்டுண்டும் முளைப்பவள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொன்ன பெயரும் அமரசிம்மன் சொன்ன பெயரும் ஒன்று.

சாகாதது என்று பெயர் வைத்ததற்கு, தின்றவன் சாகமாட்டான் என்பதுதான் காரணம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த ஆணியைப் பார்த்தவள் நான். கொடி தான் சாகாததால் வந்த பெயர் என்றே எனக்குப் படுகிறது. ராவண வதத்துக்குப் பிறகு இந்திரன் செத்த வானரங்கள் மேல் அமிர்தம் பொழிந்தான், சிந்தின துளியில் குடூசி, அதாவது சீந்தில், முளைத்தது என்று பாவப்பிரகாசத்தில் ஒரு கதை உண்டு. அழகான கதை. ஆனால் பெயர் முதலில் வந்து கதை பின்னால் வந்தது மாதிரி இருக்கிறது.

ஜூலை 9, காலை 6.30

சீந்தில் சர்க்கரை கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக: அத்தை பச்சைத் தண்டைத் தோல் சீவி, நறுக்கி, இடித்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவாள். காலையில் கையால் பிசைந்து துணியில் வடிகட்டித் தெளிய விட வேண்டும். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை இறுத்து, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் தெளிய விட்டு, இப்படிப் பல தடவை. கழுவக் கழுவக் கசப்பு போகும். ஒரு கூடைத் தண்டுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். பேர்தான் சர்க்கரை, இனிப்பு துளியும் கிடையாது.

ஜூலை 9, இரவு 8.45

தண்ணீர் எப்படி அமிர்தம் ஆனது என்ற கேள்விக்கு. அதுதான் பழைய பொருள்களில் ஒன்று. ரிக் வேதம் முதல் மண்டலத்தில் 23ஆவது சூக்தம்: "அப்ஸ்வந்தர் அம்ருதம் அப்ஸு பேஷஜம்." தண்ணீருக்குள் அமிர்தம், தண்ணீருக்குள் மருந்து. அமிர்தமும் மருந்தும் ஒரே அடியில். அமரகோசத்தில் தண்ணீருக்குப் பெயர் சொல்லும் இடத்தில் பயஸ், கீலாலம், அம்ருதம், ஜீவனம், புவனம், வனம் என்று அடுக்குகிறது. சாப்பிட உட்காரும்போது உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து "அம்ருதோபஸ்தரணமஸி" என்று சொல்லிப் பருகுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நீ அமிர்தமான விரிப்பு என்று அர்த்தம்.

வள்ளுவர் மழையைச் சொன்னதும் இதுதானே. "வானின்று உலகம் வழங்கி வருதலால் தான்அமிழ்தம் என்றுணரற் பாற்று." குறள் 11. எங்கள் ஊர்க்காரருக்கு இந்தக் குறளுக்கு உரை தேவையில்லை. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே எட்டிப் பார்த்தால் போதும். வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். அந்த ஆற்றுக்குப் புராணத்தில் க்ஷீரநதி என்று பெயர். பால் என்பதை க்ஷீரம் என்று பெயர்த்தது, பொருள் கெடவில்லை.

ஜூலை 10, காலை 7.10

எதிர்பார்த்தது வந்துவிட்டது. 'அப்படியானால் நம்ம அமிர்தி காட்டுக்கும் சீந்திலால்தான் பெயர்' என்று ஒருவர்.

அமிர்தி வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம், சின்னதாக உயிரியல் பூங்கா ஒன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். ஒலி ஒத்துப் போவதால் மட்டும் பொருளை ஒட்ட வைக்க நான் தயாராக இல்லை. ஆற்காடு என்ற பெயரைப் பாருங்கள். ஆர் என்றால் ஆத்தி மரம், ஆத்திக் காடு என்று ஒரு விளக்கம். ஆறு காடு என்று கேட்டவர்கள் அதை ஷடாரண்யம் என்று வடமொழியாக்கி, ஆறு முனிவர், ஆறு கோவில் என்று பாலாற்றங்கரை முழுக்கக் கதை நிறுத்திவிட்டார்கள். நான் ஆத்தி பக்கம். ஒலியைப் பெயர்த்தால் இப்படித்தான், மரம் இருந்த இடத்தில் எண் வந்து உட்கார்ந்துவிடும்.

ஜூலை 11, இரவு 11.20

குடியாத்தத்துத் தம்பி நோட்டின் இன்னொரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "இதிலும் அமிர்தம் இருக்கிறது, சீந்தில் போட்டு மாத்திரை உருட்டலாமா?" என்கிறார்.

தம்பி, அந்தப் பக்கத்தைத் தொடாதே. அது சீந்தில் இல்லை. அது விஷம். காலையில் விவரமாக எழுதுகிறேன். வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

ஜூலை 12, காலை 6.00

அந்தப் பக்கத்தில் இருப்பது: "கோமூத்திரத்தில் மூன்று நாள் ஊறிச் சுத்தி செய்த அமிர்தம், இலிங்கம், மிளகு, திப்பிலி, வெங்காரம், வகைக்குச் சமன், அரைத்து மிளகளவு."

அதே கையெழுத்து, அதே சொல், அதே எழுத்துக் கோணல். சரக்கு வேறு. இங்கே அமிர்தம் என்பது வச்சநாவி, வடமொழியில் வத்ஸநாபம். இமயமலைப் பக்கத்துக் கிழங்கு. அதிலுள்ள அகோனிடின் இதயத்தை நிறுத்திவிடும், கொஞ்சமே போதும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், மறுபடியும் கூட்டாளிகளைப் பார்த்துத்தான். இலிங்கம் என்பது பாதரசம் கலந்த சரக்கு. இலிங்கம், மிளகு, திப்பிலி, வெங்காரம் நான்கோடும் சமமாகச் சேருகிற ஐந்தாவது ஆள் ஆனந்த பைரவம் என்ற மாத்திரையில் வச்சநாவிதான். அடுத்து வினையைப் பாருங்கள். 'சுத்தி செய்த'. சீந்திலை யாரும் கோமூத்திரத்தில் மூன்று நாள் போடுவதில்லை, தோலைச் சீவினால் போதும். கடைசியாக அளவு. அங்கே ஆறு கழஞ்சு, இங்கே எல்லாம் சேர்ந்தே ஒரு மிளகளவு.

வடமொழி நூல்களிலும் வத்ஸநாபத்துக்கு அம்ருதம், விஷம் என்று இரண்டு பெயரும் உண்டு. இதில் என்னைத் தூக்கிப் போட்டது வேறொன்று. 'விஷம்' என்ற சொல்லுக்கும் தண்ணீர் என்று பொருள் இருக்கிறது. வேதச் சொற்களின் பட்டியலான நிகண்டுவில் தண்ணீரின் பெயர்களுக்குள் விஷமும் அம்ருதமும் இரண்டுமே இருக்கின்றன. ஆக, எதிரெதிர் என்று நாம் நினைக்கிற இரண்டு சொல்லும் தண்ணீருக்கும் பெயர், ஒரே கிழங்குக்கும் பெயர்.

ஜூலை 12, மாலை 5.30

விஷத்தை ஏன் அமிர்தம் என்கிறார்கள் என்று கோபமாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். கோபம் நியாயம்தான். ஆனால் நாம் நாகப்பாம்பை நல்ல பாம்பு என்கிறோம். செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்று சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு உரைகாரர் காட்டுகிற உதாரணம். வைத்தியர் வச்சநாவியை அமிர்தம் என்பதில் மங்கலமும் இருக்கிறது, குழூஉக்குறியும் இருக்கிறது. நோயாளி காதில் 'விஷம்' என்று விழக் கூடாது, அது மங்கலம். சீடனுக்கு மட்டும் புரிய வேண்டும், அது குழூஉக்குறி.

சீடன் இருக்கும்வரை அது காவல். சீடன் போய் நோட்டு மட்டும் பேரன் கையில் வரும்போது அதே குறி பொறி ஆகிவிடுகிறது. நேற்று ராத்திரி எனக்கு உட்கார முடியவில்லை. ஒரு ஐந்து நாளைக்கு முன்னால் 'அமிர்தம் என்றால் சீந்தில்' என்று தீர்மானமாக எழுதியவள் நான். அதைப் படித்துவிட்டுத்தான் அவர் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார். அந்தப் பதிவில் 'இந்தப் பக்கத்தில்' என்று ஒரு சொல் சேர்த்திருக்க வேண்டும்.

ஜூலை 13, காலை 8.00

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். எங்கள் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் அதிகம். தெலுங்கில் 'அடவிநாபி' என்றால் செங்காந்தள், அதாவது கலப்பைக்கிழங்கு. கார்த்திகைப் பூ, நம் மாநில மலர். அதுவும் நாபி, வச்சநாவியும் நாவி. இரண்டும் விஷக் கிழங்கு, ஆனால் வேறு வேறு விஷம். அதில் கொல்சிசின், இதில் அகோனிடின். நாவி என்று கேட்டு வேலியோரத்துக் கிழங்கைத் தோண்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஜூலை 13, இரவு 9.50

இன்று வேலூர் லாங்கு பஜார் போனேன். சீந்தில் கேட்டேன். கடைக்காரர் தமிழில் சீந்தில் என்றார், எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்குத் 'திப்பதீக' என்று எடுத்துக் கொடுத்தார், பின்னால் வந்த பாய்க்குக் 'கிலோய்' என்று அதே டப்பாவைத் திறந்தார். மூன்று பெயருக்கும் ஒரே டப்பா, குழப்பமே இல்லை. அமிர்தம் என்று கேட்டுப் பார்த்தேன். "இன்னா அமிர்தம்மா? அப்படிச் சொன்னா நான் இன்னாத்த எடுக்கறது?" என்றார். மருந்து விற்கிறவர் இப்படித் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

எல்லாக் கடையும் அப்படி இல்லை. சில வருஷம் முன்னால் வேறொரு இடத்தில் சீந்தில் என்று வாங்கி வந்து பிரித்தேன். தண்டு முழுக்க மரு மருவாகப் புடைப்பு. காகிதத் தோல் உரியவில்லை. தூர எறிந்தேன். பாலுண்ணி போலப் புடைத்த தண்டு டினோஸ்போரா கிரிஸ்பா என்ற வேறு இனத்துக்கு அடையாளம். மருந்துச் சீந்தில் டினோஸ்போரா கார்டிபோலியா. 2021இல் மும்பை மருத்துவர்கள் சிலர், சீந்தில் குடித்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு என்று கட்டுரை எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, கார்டிபோலியா பாதுகாப்பானது, கிரிஸ்பாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றது. என் கருத்து, இரண்டு பக்கத்தையும் காதில் வாங்க வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது. அத்தை மூன்று நாளுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஜூலை 14, மதியம் 1.00

சோறு எப்படி அமிர்தம் என்று ஆரம்பத்தில் கேட்டதை விட்டுவிட்டேன். சோளிங்கரில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டு வைணவ மாமி ரசத்தைச் சாத்தமுது என்பார், பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்கமாட்டார், அமுது செய்தாச்சா என்பார். கோவில் கல்வெட்டுகளில் நெய்யமுது, கறியமுது, தயிரமுது, வெற்றிலை பாக்குக்குக்கூட அடைக்காயமுது என்று வரும். தெய்வத்துக்குப் படைத்ததெல்லாம் அமுது. மனுஸ்மிருதியிலும் வேள்வியில் மிஞ்சியது அம்ருதம் என்று இருக்கிறது. அதே நூலில் இன்னோரிடத்தில், கேட்டு வாங்கிய பிச்சை ம்ருதம், கேளாமல் வந்தது அம்ருதம். கை நீட்டுவதைச் சாவு என்றே சொல்லிவிட்டது.

புறநானூறு 182 இதற்கு மேலே போய் நிற்கிறது. இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் இனிதென்று தனியே உண்ணாதவர்கள் இருப்பதால் உலகம் இருக்கிறது என்கிறான் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. பாடினவன் பெயரையும் பாட்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

ஜூலை 15, இரவு 8.20

பஞ்சாங்கம் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அமிர்த யோகம், சித்த யோகம், மரண யோகம். அமிர்தமும் மரணமும் எதிரெதிராக அங்கே மட்டும்தான் ஒழுங்காக நிற்கின்றன. மருந்துப் பெட்டியில் அப்படி நிற்பதில்லை.

ஜூலை 17, மாலை 6.40

தம்பி எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தின் மேல் சிவப்பு மையில் 'நாவி, விஷம்' என்று எழுதி ஒட்டிவிட்டாராம். நல்லது. அந்த நோட்டை அடுத்து எடுக்கிற கை யாருடையது என்று நமக்கு எப்படித் தெரியும்?

முதல் பக்கத்தைப் பற்றி அவர் அம்மா ஒன்று சொன்னாராம். தாத்தா சுரக் கஷாயத்துக்குக் கடைக்கே போனதில்லை, கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் இருந்து ஏதோ கொடியை அறுப்பார் என்று. அப்படியானால் 'அமிர்தம் கழஞ்சு 6' முடிந்தது. நூல் சொன்னதைவிட அந்த அம்மா சொன்னதுதான் எனக்குப் பெரிய சாட்சி.

ஆனால் கொடி இல்லையாம். போன வருஷம் கழிவறைத் தொட்டிக்குப் பள்ளம் தோண்டியபோது அடியோடு வெட்டிவிட்டார்கள். மேலே காய்ந்த சருகாகத் தொங்குகிறது, செத்துப் போச்சு என்கிறார்.

தம்பி, நாளைக்குக் காலை வெளிச்சத்தில் மரத்தடியில் நின்று மேலே பார். சருகைப் பார்க்காதே. நூல் மாதிரி, டுவைன் கயிறு மாதிரி ஏதாவது கிளையிலிருந்து இறங்கியிருக்கிறதா என்று பார். 'தந்த்ரிகா' என்று அமரகோசம் சொல்கிறதே, தந்திரி என்றால் வீணை நரம்பு. இந்தக் கொடி தொங்கவிடுகிற வேரைப் பார்த்தால் அந்தப் பெயர் சும்மா வந்ததாகத் தோன்றாது.

ஜூலை 18, காலை 7.05

படம் வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேப்பங்கிளையிலிருந்து ஒரே ஒரு வேர், நேராக, மெல்லிசாக இறங்கி வருகிறது. நுனி வெளிர் பச்சை. மேலே கிளை இடுக்கில் இரண்டு இலை விட்டிருக்கிறது.

தரையைத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்கிறார். கீழே ஒரு தொட்டியில் மண் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.